தம்பிக்கு வெள்ளை உடுத்திய சேதி

அன்பு மகள் ரோகிணிக்கு, காசி நெசவாளர் வீதியிலிருந்து உன் அம்மா வசுலா எழுதுவது. அந்தக் குளிர் நாட்டில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் இருமல் சளி இல்லாமல் இருக்க, புத்தர், அறம், சங்கம் என்ற மும்மணிகளும் துணை நிற்கட்டும். இங்கே நாங்கள் மூன்று பேரும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்குகிறோம், அதை நலம் என்றே வைத்துக்கொள். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, குணம் குறையவில்லை. கடையில் மிஞ்சிய துண்டுத் துணியில்தான் இதை எழுதுகிறேன், நெருக்கி நெய்தது, மை ஊறாது. உங்கள் ஊருக்குத் திரும்பும் குதிரை வணிகர்கள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

மூன்று பேர் என்று எழுதியிருக்கிறேனே, உனக்குத் திடுக்கென்றிருக்கும். ஆமாம், உன் தம்பி இசிதத்தன் வீட்டில்தான் இருக்கிறான். உன் மாமியார் வருகிற ஆடிப் பௌர்ணமிக்கு மான்வனத்துக்கு யாத்திரை வரப்போவதாக எழுதியிருந்தாய். சம்பந்தி அம்மாள் இங்கே வந்து வாசலில் நிற்கிற எவளோ ஒருத்தி வாயால் கேட்பதைவிட நீ என் வாயால் கேட்டு, எதைச் சொல்லலாமோ அதை மட்டும் அவர்களிடம் சொல்லிவை. நம் வீட்டுப் பிள்ளை துறவியாகித் துவராடையில் இருக்கிறான் என்று தக்கசீலம் முழுக்க நீ பெருமை பேசியிருப்பாய். போன மாசி மாதமே அதைக் கழற்றி வாங்கிவிட்டார்கள்.

காரணம் கேட்டால் சிரிப்பாய், நானும் முதலில் சிரித்தேன். உப்பு. கீழை விகாரையில் பலகத் தேரர் என்று ஒரு கிழவர், நீ பார்த்திருக்கிறாய், காது மடல் தோளைத் தொடும் அளவுக்குத் தொங்கும். அவருக்கு வயிற்றில் ஏதோ நோய், உப்பில்லாத கஞ்சி இறங்காது. பிச்சையில் விழுகிற கஞ்சியில் ஒருநாள் உப்பு இருக்கும், ஒருநாள் இருக்காது. உன் தம்பி ஒரு மாட்டுக் கொம்பில் கொஞ்சம் உப்பைப் போட்டு அவர் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டான். துறவி அடுத்த நாளைக்கென்று உணவைச் சேர்த்து வைக்கக்கூடாது அல்லவா, அது ஒருவர் கண்ணில் பட்டுவிட்டது. உப்பு உணவா இல்லையா என்று தொடங்கினார்கள். உணவுதான் என்று ஒரு கூட்டம், மருந்து என்று ஒரு கூட்டம். நெசவாளர் வீதிப் பெண்கள் கிணற்றடிச் சண்டை போடுவார்கள் என்று சொல்கிறவர்கள் அந்தத் துறவிகள் போட்ட சண்டையைக் கேட்டிருக்க வேண்டும். கடைசியில் மருந்து என்று சொன்னவர்கள் தனியாகப் பிரிந்து, மாந்தோப்பில் உட்கார்ந்து, பௌர்ணமி அன்று சங்கம் முழுதும் கூடி ஓதவேண்டிய விதிகளைத் தாங்களே ஓதி முடித்துவிட்டார்கள். ஓதியவன் நாகபியன். உன் தம்பிக்கு உயிர்த்தோழன், ஒரே நாளில் இருவரும் தலை மழித்துக்கொண்டவர்கள், நம் வீட்டு வாசலில் எத்தனையோ முறை என் கையால் அன்னம் வாங்கியவன்.

அந்த நேரம் பார்த்து அரசரின் ஆணை வந்தது. சங்கத்தைப் பிளக்கிறவர் எவரானாலும் இல்லறத்தாரைப் போல வெள்ளை உடுத்தி விகாரைக்கு வெளியே வாழவேண்டும் என்று தூணிலேயே வெட்டிவிட்டார்கள். அதோடு விடவில்லை, இல்லறத்தாரும் பௌர்ணமி அமாவாசை என்று வருகிற ஒவ்வொரு உபோசத நாளும் வந்து அந்த ஆணையைக் காதால் கேட்டுப் போகவேண்டுமாம். அரசரின் அதிகாரி மகாமாத்திரர் வந்து விசாரித்தார். மாந்தோப்பில் உட்கார்ந்த அத்தனை பேரும் குப்புற விழுந்து மன்னிப்புக் கேட்டார்கள், நாகபியன் எல்லோருக்கும் முன்னால் விழுந்தான். நான் சும்மா ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன் சாமி என்றானாம். உன் தம்பி மட்டும் விழவில்லை. 'தேரர் கேட்டாரு, கொடுத்தேன். அவரையே கேளுங்க' என்று சொல்லிவிட்டு நின்றான். கிழவரைக் கட்டிலோடு தூக்கி வந்து கேட்டார்கள். அவர் எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, 'உப்பா? நான் எதுக்குப்பா உப்பு கேக்கப்போறேன்' என்றார். அவ்வளவுதான்.

வெள்ளைத் துணி எங்கே என்று தேடினார்கள். துறவிகளிடம் ஏது வெள்ளை? ஆள் அனுப்பியது நம் கடைக்கு. உன் அப்பா உள்ளே போய்த் தேடி, பாவு அறுந்து எலி கடித்து ஓரமாகக் கிடந்த ஒன்றை எடுத்து வந்து முழம் போட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நல்லதாகக் கொடுங்கள் என்றேன். 'நல்லத உடுத்திக்கிட்டு அவன் எங்க கல்யாணத்துக்கா போறான்?' என்றார். விகாரைக்கு ஆண்டு முழுக்கத் துணி கொடுப்பது நம் கடைதான், அந்த வழக்கம் போய்விடக்கூடாதே என்பது அவர் பயம். எனக்கும் அந்தப் பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன், உன் கல்யாணச் சீர் முழுக்க அதிலிருந்து வந்ததுதான்.

அவன் வீட்டுக்கு வந்த அன்று உன் பெரியப்பாவும் சித்தப்பாவும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். புத்தர் மான்வனத்துக்கு நடந்து வந்த கதையை நீ எத்தனை முறை கேட்டு வளர்ந்தாய். பழைய தோழர்கள் ஐந்து பேரும், நெறி தவறியவன் வருகிறான், எழுந்திருக்காதீர்கள், கையிலிருக்கும் பாத்திரத்தை வாங்காதீர்கள் என்று பேசி வைத்துக்கொண்டு, அவர் கிட்டே வந்ததும் தங்களை அறியாமல் எழுந்துவிட்டார்களே. அந்த இடத்தைப் பார்க்கத்தானே உங்கள் ஊரிலிருந்து மாதக்கணக்கில் நடந்து வருகிறார்கள். நம் வீட்டில் நடந்ததைக் கேள். ஆறு மழைக்காலமாகப் பெற்ற பிள்ளையைக் கண்டால் எழுந்து விழுந்து கும்பிட்டுப் பழகிய உடம்பு எனக்கு, அவன் வாசலில் கால் வைத்ததும் பாதி எழுந்துவிட்டேன். உன் அப்பா என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். 'எதுக்கு எந்திரிக்கிற? சாமியா வந்திருக்கு?' என்றார். நானும் உட்கார்ந்துவிட்டேன். அவன் என்னைக் கும்பிட்டான். பெற்றவளைப் பிள்ளை கும்பிடுவது முறைதான், ஆனால் எனக்கு முதுகு கூசியது.

துணிக்கட்டு அறையில் பாய் போட்டுக் கொடுத்தோம். பழக்கம் போகவில்லை அவனுக்கு. காலையில் அடுக்களை வாசலில் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நிற்பான், கேட்க மாட்டான், போட்டால் வாங்குவான், பொழுது உச்சிக்கு வந்துவிட்டால் பச்சைத் தண்ணீர் மட்டும்தான். உன் அப்பாவுக்கு அதைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். 'வாயில்லையா அவனுக்கு? கேட்டுத் திங்கட்டும்' என்று சொல்லி என்னைப் போடவிடவில்லை. நானும் இது வீடு, விகாரை இல்லை என்று அவனுக்கு உறைக்கட்டும் என்று சும்மா இருந்தேன். முதல் நாள் வெறும் வயிற்றோடு போய்ப் படுத்தான், இரண்டாம் நாளும் அப்படியே. மறுநாள் நின்றுகொண்டே, 'அம்மா, சோறு' என்றான். பல் முளைக்கும்போது கேட்ட அதே குரல். எனக்கு மனம் குளிர்ந்தது, அடுக்கடுக்காகப் போட்டேன்.

வீதியில் வாய் சும்மா இருக்குமா? தந்தம் செதுக்குகிற வீட்டுச் சுபாகிதை இருக்கிறாளே, கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டு, 'என்ன வசுலா, உங்க வீட்டுச் சாமிக்கு முடி முளைச்சிருச்சு போல, எண்ணெய் கிண்ணெய் வேணும்னா சொல்லு, என் மாமியார் செத்ததுல மிச்சம் கிடக்கு' என்றாள். முன்பு அவன் நடந்து வந்தால் புழுதியில் விழுந்து எழுந்தவள் அவள். அவளுடைய மருமகள் அவனைப் பார்த்தால் மூக்கைப் பொத்திக்கொள்கிறாள். நான் நெய்க்குடம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு விகாரைக்குத் தலைவரான பெரிய தேரரைப் பார்க்கப் போனேன். அவர் என்னை நிழலில் உட்காரச் சொன்னார், வெயிலில் வந்தாயே தண்ணீர் குடி என்றார். பிள்ளை மேல் உள்ள கோபத்தை மறந்துவிடுங்கள் சாமி என்று அழுதேன். அவர் எவ்வளவு அன்பாகச் சொன்னார் தெரியுமா, 'கோபமா? எங்களுக்கு அவன்மேல கோபமே இல்லம்மா. கோபமா இருந்தா என்னைக்காவது ஆறும்.' அப்புறம் நெய் வெயிலில் உருகுகிறதே என்று ஆளைக் கூப்பிட்டு உள்ளே எடுத்து வைக்கச் சொன்னார்.

சும்மா உட்கார்ந்து தின்னக்கூடாது என்று உன் அப்பா அவனைத் துணி மூட்டை தூக்கவைத்தார். எங்கே தூக்கவைத்தார் என்று கேள், கீழை விகாரைக்கு. வாசலைத் தாண்டக்கூடாது, வெளியே கொடுத்துவிட்டு வரவேண்டும். அங்கே வாசல் காக்கிற குத்திலன், விகாரைப் பணியாள், முதல் நாள் இவனைக் கண்டதும் பழக்கத்தில் கையெடுத்து, 'வாங்க சாமி, இப்படி நிழல்ல நில்லுங்க' என்று தொடங்கியவன், பாதியில் நினைவு வந்து, 'அட, மூட்டையா கொண்டாந்திருக்க? அந்தப் பக்கம் இறக்கு. பாத்து, சுவத்துல இடிக்காத' என்று முடித்தானாம். உன் தம்பி வந்து இதை என்னிடம் சொன்னபோது சிரித்தான். போகும்போதெல்லாம் ஒன்றை மட்டும் குத்திலனிடம் கேட்பானாம், பலகத் தேரர் கஞ்சி குடிக்கிறாரா என்று. குத்திலன் மூட்டையை எண்ணத் தொடங்கிவிடுவானாம்.

போன ஆடிப் பௌர்ணமி வந்தது. புத்தர் முதல் முதலாக வாய் திறந்து அறம் சொன்ன நாள், உனக்குத் தெரியாததா, மகதத்திலிருந்தும் கோசலத்திலிருந்தும் வண்டி வண்டியாக ஜனம், தூபியைச் சுற்ற இடமில்லை. ஆணையைக் கேட்க நாங்களும் தூணடியில் போய் நின்றோம். வெள்ளை உடுத்தியவன் தனியாக ஓரத்தில் நிற்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் அவனைச் சுற்றி யாரும் நிற்கவில்லை, அதனால் தனியாகத்தான் நின்றான். ஆணையைப் படிக்க வந்தவன் யார் என்கிறாய், நாகபியன். நல்ல கணீர்க் குரல் அவனுக்கு. சங்கத்தைப் பிளப்பவர் என்று படிக்கும்போது ஒரு தடுமாற்றம் இல்லை. படித்து முடித்துக் கூட்டம் கலையும்போது உன் தம்பி அவன் வழியில் போய் நின்று, 'நாகபியா, நீ எங்கிட்டப் பேசவேணாம். பலகத் தேரர் எப்படி இருக்காரு, அதைமட்டும் சொல்லு' என்றான். நாகபியன் நிலத்தைப் பார்த்துக்கொண்டே விலகிப் போனான், துறவிகளுக்குக் கற்றுக்கொடுத்த நடை. பின்னால் வந்த குத்திலன்தான் வாய்விட்டுச் சொன்னான். 'யாரு, பலகரா? அவரை எரிச்சுச் சாம்பலும் ஆறிப்போச்சேப்பா. உங்க அப்பா கடைத் துணியைத்தான் மேல போத்தினோம், உனக்குத் தெரியாதா?'

எனக்குத் தெரியும். துணி போனது தெரியும், யாருக்குப் போனது என்பதும் தெரியும். சொன்னால் விகாரை வாசலில் போய் நின்று அழுவான், துணி கொடுக்கிற வழக்கம் கெடும் என்று உன் அப்பா சொன்னார், எனக்கும் அது சரி என்றுதான் பட்டது, இப்போதும் படுகிறது. அவன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று பொழுது சாயும் நேரத்தில் வந்து இலையின் முன் உட்கார்ந்தான். 'போடு' என்றான். பயறும் சோறும் போட்டேன். மீன் இல்லையா என்றான். உன் அப்பாவுக்கு வைத்திருந்ததை எடுத்துப் போட்டேன். முள்ளை ஒவ்வொன்றாகத் துப்பிவிட்டுக் கையை நக்கினான். மறுநாள் காலையில் குளித்து, தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு, கடையில் அப்பாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

ரோகிணி, உன் தம்பிக்கு வியாபாரம் இவ்வளவு வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. மான்வனத்து வழியில் ஒரு பந்தல் போட்டான். தொலைவிலிருந்து யாத்திரை வருகிறவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, ஐந்து தோழர்கள் எழுந்த கதையைச் சொல்வான். அவன் சொன்னால் கல்லும் அழும். ஒருவர் பாத்திரத்தை வாங்கினார், ஒருவர் கால் கழுவத் தண்ணீர் கொண்டு வந்தார் என்று சொல்லும்போது குரல் உடையும், கேட்கிறவர்கள் மூக்கைச் சிந்துவார்கள். அந்த ஈரம் காய்வதற்குள் தானத்துக்கென்று துணியை எடுத்து விரிப்பான். அவர்கள் போனபிறகு என்னிடம், 'அழுதவங்க பேரம் பேச மாட்டாங்கம்மா' என்றான். உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை, என் பிள்ளை என் பிள்ளை என்கிறார்.

ஐப்பசியில் மகாமாத்திரர் தன் வீட்டு விசேஷத்துக்குத் துணி எடுக்க நம் கடைக்கே வந்தார். உன் தம்பி விரித்துக் காட்டிக்கொண்டே, போகிற போக்கில், 'மாந்தோப்புல அன்னைக்கு விதி ஓதினது யாருன்னு ஐயா கேக்கவே இல்லையே' என்றான். உட்கார்ந்தவன் வேறு, ஓதியவன் வேறு அல்லவா, ஓதியவன்தான் தலைவன் என்றாகும். அவர் விலையைக்கூடக் கேட்காமல் எழுந்து போய்விட்டார். இரண்டு உபோசதம் போவதற்குள் நாகபியனைக் கூப்பிட்டு விசாரித்துவிட்டார்கள். அவனுக்காக ஒரு வாயும் திறக்கவில்லை. வெள்ளைத் துணிக்கு நம் கடைக்கு ஆள் வந்தது. உன் அப்பா எழுந்தார், 'நீங்க உக்காருங்கப்பா, நான் அளக்குறேன்' என்றான் இவன். கடையிலேயே உயர்ந்த காசித் துணியை எடுத்தான், மோதிரத்துக்குள் நுழைகிற மெல்லிசு. அப்பா, இவ்வளவு நல்லதையா கொடுக்கிறாய் என்றார். 'குளிர்காலம் வருதுல்லப்பா' என்றான்.

நாகபியனுக்கு இந்த ஊரில் யாரும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை. எங்கே போவான்? நம் வீட்டு வாசலுக்குத்தான் வந்தான். அந்த மெல்லிய துணியில் தோள் எலும்பு தெரிய, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நின்றான். நான் சோற்றுப் பானையைத் திறந்தேன். உன் தம்பி மூடினான். 'கேக்கட்டும்மா' என்றான். நாகபியன் நின்றுவிட்டுப் போனான். அடுத்த நாளும் வந்து நின்றுவிட்டுப் போனான். அதற்கடுத்த நாள் நல்ல குளிர், மூடுபனி, உடம்பு நடுங்குகிறது அவனுக்கு. பொழுது உச்சியைத் தாண்டும் வரை வாயை இறுக்கிக்கொண்டு நின்றான். நிழல் சாய்ந்தபிறகு, 'இசிதத்தா, பசிக்குதுடா' என்றான். உன் தம்பி வானத்தை எட்டிப் பார்த்தான். 'உச்சி தாண்டிருச்சு. இப்ப போடும்மா' என்றான்.

போட்டேன். நாகபியன் அந்தச் சோற்றைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான், பிறகு தின்றான், தின்னும்போதே கண்ணீர் தாடையில் வழிந்தது. உன் தம்பி எதிரே உட்கார்ந்து கடைசிப் பருக்கை போகும்வரை பார்த்தான், நடுவில் ஒருமுறை தண்ணீர்கூட நகர்த்தி வைத்தான். இப்போது நாகபியன் நம் கடையில்தான் மூட்டை தூக்குகிறான். கீழை விகாரைக்குப் போகிற மூட்டை அவனுடையது. படுப்பது துணிக்கட்டு அறையில்.

சம்பந்தி அம்மாள் வந்தால் நம் பந்தலிலேயே வந்து இறங்கட்டும், வேறு எங்கும் விசாரிக்க வேண்டாம் என்று சொல். குழந்தைகளுக்கு எள்ளுருண்டை வைத்திருக்கிறேன், இந்தக் கையோடு வணிகர்களிடம் கொடுக்கிறேன், உடைந்திருந்தால் கோபித்துக்கொள்ளாதே. பெரியவனை வெறுங்காலோடு பனியில் விடாதே. மாப்பிள்ளையிடம் என் வணக்கத்தைச் சொல், அவர் அரசாங்கத்தில் இருப்பவர், இந்தத் துணியை அவர் கண்ணில் படும்படி வைக்காமல் துவைத்து ஏதாவது செய்துகொள்.

முக்கியமானதை மறந்துவிடப் போகிறேன். உன் தம்பிக்குப் பெண் பார்க்க வேண்டும். இங்கே யாரும் கொடுக்க மாட்டார்கள், உங்கள் பக்கம் பார். கொஞ்சம் கருப்பானாலும் பரவாயில்லை, படிப்பு வேண்டாம், சீர் வேண்டாம். அழுகிற பெண் மட்டும் வேண்டாம். போன வாரம் அடுப்புப் புகையோ என்னவோ, என் கண்ணில் தண்ணீர் வந்தது. அவன் வேலையை விட்டுவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்து, நான் கண்ணைத் துடைத்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

நீ பதினாறும் பெற்று நெடுநாள் வாழவேண்டும். உன் பிள்ளைகள் உன்னை விட்டு எங்கும் போகாமல் இருக்கட்டும்.

உன்னைப் பெற்ற,
வசுலா